கொடி ஆடுகிறதா, கம்பம் ஆடுகிறதா? — வாசகர் கேள்வி பதில்

செல் சவ்வில் பதிந்து, பொருள்களை உள்ளும் வெளியும் கொண்டுசெல்லும் கடத்துப் புரதங்கள் எப்படி அசைகின்றன என்பதை எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு முறையால் அறிவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் எழுதிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் நீளமானது. ஆய்வகத்தில் சொல்வதுபோல இ.எஸ்.ஆர். என்றே எழுதுகிறோம். இ.பி.ஆர். என்று படித்தவர்களுக்கும் இதே கருவிதான்.

கே: புரதத்தில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்தே இருக்கின்றன. ஜோடியில்லாத எலக்ட்ரானை மட்டும் காணும் இ.எஸ்.ஆர். புரதத்தில் எதைப் பார்க்கிறது?
— கல்லூரி மாணவர், காட்பாடி

ப: உலோக அயனி எதுவும் இல்லாத சாதாரணப் புரதத்தில் ஒன்றையும் பார்க்காது. நமக்கு வசதியாக இருப்பதும் அதுதான். நீர், லிப்பிட் (சவ்வின் கொழுப்பு), டிடர்ஜென்ட் (சவ்வுப் புரதத்தை நீரில் கரைத்து வைக்கும் பொருள்), புரதத்தின் மற்ற ஆயிரக்கணக்கான அணுக்கள் எல்லாம் கருவிக்கு முன் மௌனமாக இருக்கும். நாம் எங்கே ஒரு ஜோடியில்லாத எலக்ட்ரானைக் கொண்டுபோய் ஒட்டுகிறோமோ அந்த இடம் மட்டும் பேசும். புரதம் எவ்வளவு பெரியது என்பதும் பொருட்டல்ல.

ஒத்ததிர்வை 1944இல் கஸான் நகரில் யெவ்கெனி ஸவோய்ஸ்கி கண்டார். நைட்ராக்சைடு மூலக்கூறைப் புரதத்தில் ஒட்டி அடையாளமாக வைக்கும் ஸ்பின் லேபிள் யோசனை 1965இல் ஹார்டன் மெக்கானல் குழுவிடமிருந்து வந்தது. 1980களின் இறுதியில் வேய்ன் ஹபெல் குழு அதை மரபணு மாற்றத்தோடு இணைத்தது: வேண்டிய இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுச் சிஸ்டீனை வைப்பது, அந்தச் சிஸ்டீனின் கந்தகத்தில் லேபிளை மாட்டுவது. இன்று பெரும்பாலும் மாட்டப்படுவது எம்.டி.எஸ்.எல். என்ற நைட்ராக்சைடு. டைசல்பைடு பிணைப்பால் ஒட்டுகிறது.

9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவைச் செலுத்திக் காந்தப் புலத்தை மெல்ல ஏற்றினால் 3,385 காஸ் (காந்தப் புலத்தின் அலகு) அருகே ஒத்ததிர்வு வரும், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரான் அந்த மைக்ரோவேவை உறிஞ்சும். நைட்ராக்சைடில் உள்ள நைட்ரஜன் அணுக்கருவின் ஸ்பின் 1 என்பதால் ஒரு கோடு மூன்றாகப் பிரியும். லேபிள் தாராளமாகச் சுழன்றால் மூன்றும் கூர்மையாக, சுமார் 16 காஸ் இடைவெளியில் நிற்கும். இடுக்கில் மாட்டி மெதுவாக அசைந்தால் கோடுகள் அகன்று, விளிம்புகள் விலகிப் போகும். இந்த அலைவரிசையில் 0.1 முதல் 100 நானோவினாடி வரையிலான அசைவுகள் கோட்டின் வடிவத்தை மாற்றும்.

லேபிளைக் கொடி என்றும் புரதத்தைக் கம்பம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குத் தெரிவது கொடி மட்டும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி, கொடி ஆடுவதையும் கம்பம் ஆடுவதையும் எப்படிப் பிரித்தறிவது என்பது பற்றியதுதான்.

கே: எக்ஸ் கதிர்ப் படிகம், கிரையோ மின்னணு நுண்ணோக்கி என்று புரதத்தின் வடிவம் அணு அணுவாகக் கிடைக்கிறதே. பிறகு இது எதற்கு?
— மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், குடியாத்தம்

ப: சிறைச்சாலை முகப்பில் இரண்டு கதவுகள் இருப்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளிக்கதவு சாத்தாமல் உள்கதவு திறக்காது. கடத்துப் புரதமும் அப்படித்தான் இயங்க வேண்டும் என்று 1966இல் ஒலெக் ஜார்டெட்ஸ்கி எழுதினார். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் அது கடத்தி அல்ல, ஓட்டை. செல்லின் அயனிச் சமநிலை அந்தக் கணமே கெட்டுவிடும்.

படிகம் இந்த இரண்டு நிலைகளில் ஒன்றைத்தான் பிடிக்கும். எளிதாக அடுக்கிக்கொள்ளும் நிலை எதுவோ அதை. ஈ. கோலை பாக்டீரியாவின் லேக்டோஸ் கடத்தி லேக்-ஒய் இதற்கு நல்ல உதாரணம். 2003இல் வெளியான படிக வடிவத்தில் சவ்வைக் குறுக்கே கடக்கும் 12 சுருள்கள், ஆறும் ஆறுமாக இரண்டு கட்டுகள். நடுவில் ஒரு குழி, செல்லின் உட்பக்கம் திறந்து வெளிப்பக்கம் மூடியிருந்தது. சர்க்கரை வெளியிலிருந்துதானே வர வேண்டும்? வெளிப்பக்கம் திறக்கும் நிலை இருக்கிறதா என்பதை அந்தப் படம் சொல்லவில்லை.

2007இல் ரொனால்ட் கபாக், ஹபெல் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து, சுருள்களின் முனைகளில் இரண்டிரண்டாக லேபிள் வைத்து இடைத்தூரத்தை அளந்தன. கேலக்டோஸ் வகைச் சர்க்கரை சேர்ந்ததும் உட்பக்கத்து ஆறு ஜோடிகளும் 4 முதல் 21 ஆங்ஸ்ட்ராம் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்) வரை நெருங்கின. வெளிப்பக்கத்து மூன்று ஜோடிகளும் 4 முதல் 14 ஆங்ஸ்ட்ராம் வரை விலகின. ஒரு கதவு சாத்த, மறு கதவு திறந்தது. கேலக்டோஸ் அல்லாத சர்க்கரையையும் போட்டு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், சர்க்கரைக் கரைசலின் பாகுத்தன்மைதான் ஏதோ செய்திருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தூரம் அளப்பது உறைந்த மாதிரியில். கதவு திறப்பதைத் திரைப்படம்போல ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சட்டென்று உறையவைத்து, எத்தனை பங்கு திறந்து நின்றது, எத்தனை பங்கு மூடி நின்றது என்று கணக்கெடுக்கிறோம்.

கே: ஒரே ஒரு சிஸ்டீன் வைத்த கடத்துப் புரதத்தில் எம்.டி.எஸ்.எல். ஒட்டினேன். மூன்று கோடுகளும் ஊசிபோல் வந்தன. அந்த இடம் அவ்வளவு தளர்வாக ஆடுகிறது என்று எழுதலாமா?
— ஆய்வு மாணவி, பாகாயம்

ப: இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஒட்டாமல் கரைசலில் தங்கிவிட்ட லேபிளை. கம்பமே இல்லாத கொடி அது. காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும்.

சிறிதளவு தங்கினாலும் ஏமாற்றும். காரணம் எளிய கணக்கு. இ.எஸ்.ஆர். வரைவது உறிஞ்சலின் வகையீடு. ஒரே எண்ணிக்கை ஸ்பின்களுக்கு, கோட்டின் உயரம் அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். கட்டற்ற லேபிளின் கோடு 1.5 காஸ் அகலம், புரதத்தில் ஒட்டியது 6 காஸ் அகலம் என்றால், உயரத்தில் 16 மடங்கு வேறுபாடு. நூற்றில் ஏழு பங்கு கட்டற்ற லேபிள் இருந்தாலே படத்தில் அதுதான் தலைதூக்கி நிற்கும்.

கழுவிப் பாருங்கள். உப்பு நீக்கும் பத்தியில் (கரைசலைச் செலுத்திப் பிரிக்கும் குழாய்) ஒருமுறை விட்டது போதவில்லை என்றால் இரண்டாம் முறை விடுங்கள், அல்லது அளவுப் பிரிப்புப் பத்தியில் ஓட்டுங்கள். ஹிஸ்டிடின் வால் உள்ள புரதம் என்றால் நிக்கல் பத்தியில் பிடித்து வைத்தே லேபிள் செய்து, பத்திக் கொள்ளளவைப் போல 20 மடங்கு தாங்கற்கரைசலால் கழுவலாம். எம்.டி.எஸ்.எல். கொழுப்பை நாடும் பொருள். டிடர்ஜென்ட் திரள்களுக்குள்ளும் லிப்பிட்டுக்குள்ளும் புகுந்துகொள்ளும். நீரில் கரையும் புரதத்துக்குப் போதுமான கழுவல் சவ்வுப் புரதத்துக்குப் போதாததற்கு இதுதான் காரணம். நிக்கல் பத்தியைப் பயன்படுத்தினால், கசிந்த நிக்கல் அயனியும் மாதிரியோடு வந்து கோடுகளை அகலப்படுத்தும். அதற்காகவும் கடைசியில் ஒரு அளவுப் பிரிப்பு தேவை.

கழுவும் கரைசலில் டிடர்ஜென்ட் மறக்கக் கூடாது. டோடெசில் மால்டோசைடு என்றால் 0.02 முதல் 0.05 சதவீதம். அதன் சி.எம்.சி. சுமார் 0.0087 சதவீதம். (வேலூரில் சி.எம்.சி. என்றால் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். இங்கே அது டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் திரளத் தொடங்கும் செறிவு.) அதற்குக் கீழே போனால் புரதம் கட்டிதட்டிவிடும். கட்டிதட்டிய புரதத்தில் லேபிள்கள் நெருங்கி, கோடுகள் அகன்று, இல்லாத நெருக்கத்தைக் காட்டும்.

நீங்கள் லேபிள் செய்த முறையை எழுதவில்லை. வழக்கமான வரிசையைச் சொல்கிறோம், எங்கே தவறியது என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எம்.டி.எஸ்.எல். 10 மில்லிகிராம் புட்டியை 378 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. அல்லது அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் 100 மில்லிமோலார் ஆகும். சின்னக் குழாய்களில் பிரித்து, இருட்டில், உறைபெட்டியில் வையுங்கள். ஒரே புட்டியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் வீரியம் போய்விடும். புரதத்தை டி.டி.டி. என்ற ஒடுக்கும் பொருளின் 2 மில்லிமோலார் கரைசலில் அரைமணி நேரம் வைத்துச் சிஸ்டீனைத் திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு டி.டி.டி.யை முழுவதும் நீக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அது லேபிளைத்தான் தின்னும், ஒட்டிய லேபிளையும் கழற்றிவிடும். நீக்கிய உடனே, காத்திருக்காமல், லேபிளைச் சேருங்கள். 50 மைக்ரோமோலார் புரதம் 1 மில்லிலிட்டர் இருந்தால் அது 50 நானோமோல். பத்து மடங்கு என்றால் 500 நானோமோல், அதாவது மேற்படி கரைசலில் 5 மைக்ரோலிட்டர். கரைப்பானின் பங்கு அரை சதவீதம்தான், புரதத்துக்குத் தீங்கில்லை. கார அமில அளவு 7 முதல் 7.5. இருட்டில், 4 டிகிரியில், இரவு முழுவதும்.

சில குறிப்பேடுகள் அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம் என்று சொல்லும். அவை சொல்லும் அறை 22, 25 டிகிரி. மே மாதத்து வேலூரில் குளிர்சாதனம் நின்ற அறை 38 டிகிரியைத் தொடும். டிடர்ஜென்டில் இருக்கும் சவ்வுப் புரதத்தை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம் விட்டால் லேபிள் ஒட்டும், புரதம் பிழைக்காது. குலைந்த புரதத்தில் லேபிள் தாராளமாக ஆடும். உங்கள் ஊசிக்கோடுகளுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு மூன்று சோதனைகள் பாக்கி. முதலாவது, சிஸ்டீனே இல்லாத வடிவத்தையும் இதே படிகளில் ஓட்டுங்கள். லேக்-ஒய் புரதத்தில் இயற்கையாக எட்டு சிஸ்டீன்கள் உண்டு. எல்லாவற்றையும் மாற்றிய வடிவம்தான் இந்த வேலைகளுக்கெல்லாம் அடித்தளம். அதில் சிக்னல் வந்தால் அது ஒட்டாத லேபிள் அல்லது கண்ட இடத்தில் ஒட்டிய லேபிள். இரண்டாவது, ஸ்பின் எண்ணுங்கள்: வகையீட்டுப் படத்தை இருமுறை தொகையீடு செய்து, செறிவு தெரிந்த டெம்போ என்ற நைட்ராக்சைடின் கரைசலோடு ஒப்பிட்டால், ஒரு புரதத்துக்கு எத்தனை லேபிள் என்று வரும். ஒன்றுக்கு மேல் வந்தால் கழுவல் போதவில்லை. மூன்றாவது, லேபிள் ஒட்டிய புரதம் இன்னும் கடத்துகிறதா என்று லிப்போசோமில் (லிப்பிட்டால் ஆன நுண்குமிழியில்) வைத்துப் பாருங்கள். வேலை செய்யாத கதவின் அசைவை அளந்து பயன் இல்லை. இந்த மூன்றாவது சோதனைக்குத்தான் நேரமில்லை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். எங்கள் கருத்தில் முதலில் செய்ய வேண்டியதே இதுதான்.

எல்லாம் தேறிய பிறகும் கோடுகள் கூர்மையாக இருந்தால், அப்போதும் ஒரே இடத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். பக்கத்து மூன்று நான்கு இடங்களிலும் லேபிள் வைத்துப் பாருங்கள். கம்பம் ஆடினால் அந்தப் பகுதிக் கொடிகள் எல்லாமே ஆடும். ஒன்று மட்டும் ஆடினால் அது கொடியின் சொந்த ஆட்டம்.

கே: பதிவு செய்யும்போது எந்த அளவுகளை வைப்பது? ஒவ்வொரு முறையும் படம் வேறு மாதிரி வருகிறது.
— அதே பாகாயம் மாணவி

ப: 100 மைக்ரோமோலார் மாதிரி 15 மைக்ரோலிட்டர், 0.6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நுண்குழாயில். நீர் மைக்ரோவேவை விழுங்கும், அதனால்தான் இவ்வளவு மெல்லிய குழாய். தடித்த குழாயில் வைத்தால் கருவி இசைவுக்கே வராது. குமிழி நடுவில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள், படம் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புல வீச்சு 100 முதல் 150 காஸ், பண்பேற்ற அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ், பண்பேற்ற அளவு 1 காஸ் அல்லது குறைவு. சிக்னல் சிறிதாக இருக்கிறதே என்று பண்பேற்றத்தை 4 காஸுக்கு ஏற்றினால் உயரம் கூடும், வடிவம் செத்துவிடும். படத்திலேயே மிகக் குறுகிய கோட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மைக்ரோவேவ் திறனை ஊகிக்காதீர்கள்: திறனின் வர்க்கமூலத்துக்கு எதிராகக் கோட்டின் உயரத்தை வரைந்து, நேர்கோடு வளையத் தொடங்கும் இடத்துக்கு நன்றாகக் கீழே நில்லுங்கள். இரைச்சல் போக ஓட்டங்களைக் கூட்டுங்கள், 20 ஓட்டம் ஒன்றும் அதிகமில்லை.

கே: தோல் பதனிடும் தொழிலில் குரோமியம் பார்ப்பவன் நான். இ.எஸ்.ஆர். குரோமியத்தைக் காணும் என்று கேள்விப்பட்டேன். சவ்வு ஆய்வுக்கும் குரோமியத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
— தோல் தொழிற்சாலை வேதியியலர், ராணிப்பேட்டை

ப: நல்ல தொடர்பு உண்டு. பதனிடும் காரக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம். அதில் மூன்று ஜோடியில்லாத எலக்ட்ரான்கள். இ.எஸ்.ஆரில் அகன்ற கோடாகத் தெரியும். ஆனால் உங்கள் பகுதியில் நிலத்தடி நீருக்குக் கேடாக இருக்கும் ஆறிணைதிறன் குரோமியத்தில் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. அது இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. நீரில் அதைச் சோதிக்க டைபினைல் கார்பசைடு போட்டு 540 நானோமீட்டரில் நிறத்தை அளக்கும் பழைய முறைதான் சரி. இ.எஸ்.ஆர். படத்தில் ஒன்றும் வரவில்லை என்று தண்ணீரை நல்லது என்று சொல்லிவிடக் கூடாது.

சவ்வு ஆய்வில் மூவிணைதிறன் குரோமியத்தை ஆக்சலேட்டோடு கட்டிப் பயன்படுத்துவார்கள். அந்த அயனிக்கு மூன்று எதிர்மின்சுமை. லிப்பிட் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. லிப்போசோம் கரைசலில் அதைச் சில பத்து மில்லிமோலார் சேர்த்தால், வெளிப்பக்கம் நிற்கும் லேபிளோடு மோதி அதன் கோட்டை அகலப்படுத்தி மறைத்துவிடும். உட்பக்கத்து லேபிள் அப்படியே நிற்கும். புரதம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதை இப்படிச் சொல்லிவிடலாம். லிப்போசோம் கசிந்தால் எல்லாமே மறையும், அதனால் கசிவு இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்ய இரண்டு மோதும் பொருள்கள் உண்டு. ஆக்சிஜன் கொழுப்பை நாடும், சவ்வின் நடுவில்தான் அதிகம் கரைந்திருக்கும். நிக்கல் எட்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நிக்கல் சேர்மம் நீரிலேயே நிற்கும். ஒவ்வோர் இடத்து லேபிளோடும் இவை எவ்வளவு மோதுகின்றன என்று அளந்தால், அந்த இடம் லிப்பிட்டைப் பார்க்கிறதா, நீரைப் பார்க்கிறதா, புரதத்துக்குள் புதைந்திருக்கிறதா என்று பிரியும். இரண்டு மோதல் அளவுகளின் விகிதத்துக்கு மடக்கை எடுத்தால், லேபிள் சவ்வில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுகூட வரும். ஒரு சுருளில் அடுத்தடுத்த அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக லேபிள் செய்து வரைந்தால் 3.6 அமிலங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை தெரியும்; ஆல்பா சுருளின் கையெழுத்து அது. கடத்துப் புரதத்தில் பொருள் சேருவதற்கு முன்னும் பின்னும் இந்த அலையை எடுத்தால், எந்தச் சுருளின் எந்த முகம் நீருக்குத் திறந்தது என்று படிக்கலாம். வேலை அதிகம். ஒரு சுருளுக்கு இருபது புரத வடிவங்கள் செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்தவர்களின் முடிவுகள் இன்றும் நிற்கின்றன.

இந்த அளவீட்டில் மாதிரியை ஆக்சிஜனை ஊடுருவவிடும் டி.பி.எக்ஸ். பிளாஸ்டிக் குழாயில் வைப்பார்கள். நைட்ரஜன் ஓட்டினால் ஆக்சிஜன் வெளியேறும், காற்று ஓட்டினால் உள்ளே வரும். கண்ணாடிக் குழாயில் வைத்து நைட்ரஜன் ஓட்டுவதில் பொருளில்லை.

கே: இந்தக் கருவியின் கதிர்வீச்சால் வேலை செய்பவருக்கு ஆபத்து உண்டா?
— வாசகி, ஆரணி

ப: எக்ஸ் கதிர்போன்ற கதிர்வீச்சு எதுவும் இல்லை. மைக்ரோவேவ் மில்லிவாட் அளவில், மூடிய குழிக்குள்ளேயே இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தின் அருகே போகக் கூடாது. கைக்கடிகாரத்தையும் வங்கி அட்டையையும் வெளியே வையுங்கள். மெய்யான ஆபத்து குளிர்திரவங்களில்தான். திரவ நைட்ரஜனில் வாய் திறந்த குழாயை நெடுநேரம் விட்டால் காற்றின் ஆக்சிஜன் உள்ளே திரவமாகும். மூடிவிட்டு வெளியே எடுத்தால் வெடிக்கும்.

கே: இரண்டு லேபிள்களுக்கு இடையே டியர் முறையில் வரும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்? வரைபடத்தில் நாலைந்து முகடுகள் வந்தால் நாலைந்து நிலைகள் என்று கொள்ளலாமா?
— இயற்பியல் விரிவுரையாளர், திருப்பத்தூர்

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில்: கூடாது. ஏன் என்று சொல்ல, தூரம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டியர் என்பது மைக்ரோவேவைத் துடிப்பு துடிப்பாகச் செலுத்தி, இரண்டு லேபிள்களின் இடைத்தூரத்தை அளக்கும் இ.எஸ்.ஆர். முறை.

இரண்டு எலக்ட்ரான் ஸ்பின்கள் இரண்டு சின்னக் காந்தங்கள். ஒன்றின் புலம் மற்றதைத் தொட்டு ஓர் அதிர்வெண்ணைத் தரும். நைட்ராக்சைடு ஜோடிக்கு அது 52 மெகாஹெர்ட்ஸைத் தூரத்தின் கனத்தால் வகுத்தது, தூரம் நானோமீட்டரில். 2 நானோமீட்டருக்கு 6.5 மெகாஹெர்ட்ஸ். 5 நானோமீட்டருக்கு 0.42 தான், ஓர் அலை முடியவே 2.4 மைக்ரோவினாடி ஆகும். இந்த யோசனை 1981இல் நோவோசிபிர்ஸ்கில் மூன்று துடிப்புகளோடு தொடங்கியது. 2000இல் மெயின்ஸ் நகரக் குழு நான்கு துடிப்பு முறையைக் கொண்டுவந்த பிறகுதான், தொடக்கத்துத் துண்டை இழக்காமல் அளக்க முடிந்தது. வழக்கமான எல்லை 2 முதல் 6 நானோமீட்டர். அதற்கும் நெருக்கமான, 8 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வரையிலான ஜோடிகளுக்குச் சாதாரணப் பதிவில் கோடு அகலுவதை வைத்தே சொல்லலாம்.

எவ்வளவு நேரம் அலையைப் பார்த்தீர்கள் என்பதுதான் நம்பிக்கையின் அளவுகோல். 2 மைக்ரோவினாடி வரை பதிவு செய்திருந்தால், 3 நானோமீட்டர் வரை தூரப் பரவலின் வடிவத்தை நம்பலாம்; 4 வரை அகலத்தை நம்பலாம்; 5 வரை சராசரியை மட்டும் நம்பலாம். அதற்கு மேலே தெரியும் முகடு எதுவானாலும் பின்னணியை (மற்ற மூலக்கூறுகளின் ஸ்பின்களால் வரும் பங்கை) கழித்த விதத்தில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லை நேரத்தின் கனமூலத்தோடுதான் வளரும்: 6 நானோமீட்டரின் சராசரி வேண்டுமென்றால் சுமார் 3.5 மைக்ரோவினாடி வேண்டும். சவ்வுப் புரதத்தில் எதிரொலி (துடிப்புகளுக்குப் பிறகு ஸ்பின்கள் திருப்பித் தரும் சிக்னல்) அவ்வளவு நேரம் உயிரோடு இருப்பதே பாடு. அதற்காகத்தான் கனநீரும், 20 முதல் 30 சதவீதம் டியூட்டீரியம் ஏற்றிய கிளிசராலும், 50 கெல்வின் குளிரும். புரோட்டான்கள் குறைந்தால் எதிரொலி நீடிக்கும்.

கிளிசரால் இல்லாமல் உறையவைத்தால் நீர் பனிப்படிகமாகி, புரதத்தை ஓரத்துக்கு ஒதுக்கிக் குவித்துவிடும். அலை தெரியாமல் பின்னணி மட்டும் செங்குத்தாக விழும். லிப்போசோமிலும் இதே தொல்லை வேறு காரணத்தால் வரும்: ஒரே தளத்தில் புரதங்கள் நெருங்கி நிற்கும். லிப்பிட்டைக் கூட்டிப் புரதத்தைக் குறைத்தால் பின்னணி இறங்கும், சிக்னலும் இறங்கும். நானோடிஸ்க் என்ற சின்ன லிப்பிட் வட்டில் ஒவ்வொரு புரதமாக உட்காரவைப்பது நல்ல மாற்று. 34 கிகாஹெர்ட்ஸ் கருவி கிடைத்தால் 1.6 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் குழாயில் 15 மைக்ரோலிட்டர் மாதிரி போதும். உணர்திறன் பல மடங்கு கூடும்.

லேபிள் ஏறிய விகிதத்தையும் கணக்கில் வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் 70 சதவீதம் ஏறியிருந்தால், இரண்டும் உள்ள மூலக்கூறு 49 சதவீதம், ஒன்று மட்டும் உள்ளது 42. தனியாக நிற்கும் ஸ்பின் தூரம் சொல்லாது, பின்னணியை மட்டும் கூட்டும்.

இனி முகடுகளுக்கு வருவோம். அலையிலிருந்து தூரப் பரவலுக்குப் போவது தலைகீழ்க் கணக்கு. சிறிய இரைச்சல் பெரிய முகடாக வீங்கும். இந்தக் கணக்கைப் போடும் டிகோனோவ் முறையில் மென்மைப்படுத்தும் எண்ணைக் குறைவாக வைத்தால் ஓர் அகன்ற முகடு நாலைந்தாக உடையும். கூட்டி வைத்தால் மெய்யான இரண்டு முகடுகள் ஒன்றாகக் கரையும். பின்னணி தொடங்கும் இடத்தைப் பத்து விதமாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நிலைத்து நிற்கும் முகட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலைத்தாலும் அது புரதத்தின் நிலை என்று உடனே சொல்ல முடியாது. எம்.டி.எஸ்.எல். ஐந்து ஒற்றைப் பிணைப்புகளில் திரும்பக்கூடிய கை. நைட்ராக்சைடு, புரதத்தின் முதுகெலும்பிலிருந்து 7 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிறது. கை இரண்டு விதமாக மடங்கினாலே இரண்டு முகடு வரும். கம்பம் அசையவே இல்லை, கொடி இரண்டு பக்கம் சாய்ந்திருக்கிறது.

பிரித்தறிய வழி உண்டு. கடத்தப்படும் பொருளையோ, அயனியையோ, தடுப்பானையோ சேர்த்துப் பாருங்கள். புரதத்தின் நிலை என்றால் ஒரு முகடு தேய, மற்றது வளரும், அதுவும் செறிவுக்கு ஏற்ப. கையின் மடிப்பு என்றால் அசையாமல் நிற்கும். கூடவே, ஒரே பகுதியில் வேறு இரண்டு ஜோடிகளும் அதே திசையில் நகர வேண்டும். ஒரே ஜோடியில் 2 ஆங்ஸ்ட்ராம் மாற்றத்தை வைத்துக்கொண்டு கதவு திறந்தது என்று எழுதாதீர்கள். ஐந்து ஜோடிகள் ஒத்துச் சொன்னால் துணிந்து எழுதுங்கள்.

கே: வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போது உப்போடு ஏன் சர்க்கரை என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கடத்துப் புரதம் என்கிறீர்களே, அதற்கும் இதற்கும் தொடர்பா?
— கிராம செவிலியர், அணைக்கட்டு

ப: நேரடித் தொடர்பு. குடல் சுவரில் ஒரு கடத்துப் புரதம் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தைச் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். தண்ணீர் பின்னோடு வரும். காலரா நச்சு இந்தக் கதவைக் கெடுப்பதில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகின்றன என்ற கருத்தை 1960இல் பிராகில் ராபர்ட் கிரேன் வைத்தார். இன்றைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக வருவது தற்செயல் அல்ல. இனிப்புக்காக மேலும் சர்க்கரை சேர்த்தால் குடலில் அடர்த்தி கூடி, தண்ணீர் வெளியேதான் இழுக்கப்படும். பொட்டலத்தோடு எதையும் கூட்ட வேண்டாம் என்று தாய்மார்களிடம் சொல்லுங்கள். குடலின் மேற்பகுதிக் கதவு மட்டும் போதாது, பெருங்குடலையும் துணைக்கு அழைக்கலாம் என்று, செரிக்காத சோள மாவுச்சத்து லிட்டருக்கு 50 கிராம் சேர்த்த கரைசலைக் காலரா நோயாளிகளுக்குத் தந்து பார்த்த ஆய்வு 2000இல் வேலூரிலிருந்துதான் வெளிவந்தது. அது மருத்துவமனைச் சோதனை, வீட்டில் செய்வதற்கல்ல.

இந்தப் புரதத்தின் பாக்டீரியா உறவினர் ஒன்றை 2018இல் டியர் முறையில் அளந்தார்கள். சோடியம் மட்டும் சேர்ந்தால் வெளிக்கதவு திறக்கும் என்று எதிர்பார்ப்போம். திறக்கவில்லை, உட்பக்கம் திறந்த நிலையிலேயே பெரும்பங்கு நின்றது. சோடியமும் சர்க்கரையும் சேர்ந்த பிறகுதான் சமநிலை நகர்ந்தது. டிடர்ஜென்டில் கரைத்த புரதத்துக்குச் செல் சவ்வின் மின்னழுத்தம் கிடையாது. உயிருள்ள செல்லில் அந்த மின்னழுத்தமே வெளிக்கதவைத் திறந்து வைத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அளவீடு சரியாக இருந்தும், புரதம் இருந்த இடம் வேறு என்பதால் விடை மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியாது.

கே: எங்கள் கல்லூரியில் கருவி இல்லை. மாதிரியை எப்படி அனுப்புவது?
— உதவிப் பேராசிரியர், ஆற்காடு

ப: சாதாரணப் பதிவுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்களுக்கு விண்ணப்பிக்கலாம். துடிப்பு முறை எல்லா மையங்களிலும் இல்லை. புரதம் செய்யத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மைக்ரோலிட்டர், எந்தக் குழாய், எந்த வெப்பநிலை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சாதாரணப் பதிவுக்கான மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இருட்டாக மூடி, காட்பாடியில் காலை ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. நுண்குழாயில் அடைத்துக் கொண்டுபோக வேண்டாம். ஆட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்துவிடும். சிறு குழாயில் கொண்டுபோய் அங்கே ஏற்றுங்கள். லேபிள் ஒட்டாத அதே புரதம், வெறும் தாங்கற்கரைசல், டெம்போ திட்டக் கரைசல் ஆகிய மூன்றும் கூடவே போக வேண்டும். டியர் மாதிரி என்றால் குவார்ட்ஸ் குழாயில் ஏற்றி, ஐசோபென்டேனை உலர்பனியில் குளிர்வித்து அதில் மெதுவாக இறக்கி உறையவையுங்கள். திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் குழாய் வெடிக்கக்கூடும். பிறகு திரவ நைட்ரஜன் உறிஞ்சிய உலர் அனுப்புக் குடுவையில் வையுங்கள். வண்டியில் கொண்டுபோவதானால் ஜன்னல் திறந்திருக்கட்டும், நைட்ரஜன் ஆவி நிறைந்தால் மூச்சு முட்டும். குழாயில் பேனாவால் எழுதிய எண் குளிரில் அழிந்துவிடும்; பென்சிலால் எழுதிய துணி ஒட்டுத்தாளைக் குழாயின் மேல்நுனியில், காந்தக் குழிக்குள் இறங்காத உயரத்தில், சுற்றுங்கள்.